ஏரிக்கடியிலிருந்து ஒரு பேரம்

மனித குலத்தின் தலைவிதி போர்க்களங்களில் எழுதப்படுவதில்லை. மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிற்பகல் இரண்டு மணி அடிப்பதற்குச் சற்று முன், எங்கோ ஓர் அறையில் இரண்டு பேர் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசும்போது எழுதப்படுகிறது. இதைச் சொன்னவன் பால்டர் ஐனார்சன். சொன்ன இடம், பனித்தளத்தில் கல் தள்ளி ஆடும் சாண்ட்விக் கர்லிங் கிளப்பின் மேல்மாடி. சொல்லும்போது அவனுடைய டையின் நுனி கிரேவிக்குள் கிடந்தது.

"டையை எடுடா. உனக்கு முன்னாடி அது சாப்பிட்டு முடிச்சிரும் போல," என்றான் மெட்ரோ.

மெட்ரோ நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். வெளியே ஏரியிலிருந்து பனி குறுக்காக வீசி ஊரை மூடிக்கொண்டிருந்தது; அவன் அப்போது வண்டியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று அவனுக்கு உடம்பு சரியில்லை. பால்டருக்கும் உடம்பு சரியில்லை. மேல்மாடியில் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருமே காலையில் வேலையிடத்துக்குப் போன் செய்து இருமியவர்கள்தான். ஐஸ் ஹாக்கி அணிகள் ஒன்றுக்கொன்று ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில் சாண்ட்விக்கில் ஒரு காய்ச்சல் பரவும். மறுநாள் தானாகவே போய்விடும்.

நிஜமான அணிகள் நிஜமான ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில் இவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் அணி உண்டு. அது போனுக்குள், ஊர்க்காரர்கள் நடத்தும் ஒரு பந்தயத்தில் இருக்கிறது. அக்டோபரில் ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள்; பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்வார்கள். நிஜத்தில் ஓர் ஆட்டக்காரன் கோல் போட்டால் போனுக்குள் அவனை வைத்திருப்பவனுக்குப் புள்ளி. அவன் நல்ல அணிக்குப் போனால் புள்ளி பெருகும், மோசமான அணிக்குப் போனால் வற்றும். ஆகவே யார் எங்கே போவான் என்று முன்கூட்டியே தெரிந்தவன் ராஜா. தெரியாதவன், தெரிந்த மாதிரிப் பேசுகிறவனைக் கேட்டு நடப்பான். சாண்ட்விக்கில் தெரிந்த மாதிரிப் பேசுகிறவன் பால்டர்.

தொழிலில் அவன் ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு விற்கிறவன். ஆனால் முகநூலில் 'உள்வட்டாரம்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தான். "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்றுதான் ஒவ்வொரு பதிவையும் தொடங்குவான். இந்த ஆண்டின் நம்பத்தகுந்த வட்டாரம் வின்னிபெக்கில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அவனுடைய ஒன்றுவிட்ட தங்கை. வின்னிபெக் அணியின் மட்டைகளுக்கு டேப் சுற்றும் ஆள் அங்கே வேர்ச்சிகிச்சைக்கு வந்திருக்கிறான். "டூபேயை விக்கப் போறாங்களாமே?" என்று அவள் கேட்டாள். வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்த அவன் "ம்ம்" என்றான். அன்று மாலையே உள்வட்டாரத்தில், டூபே ஃபுளோரிடாவுக்குப் போவது ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது.

அந்த டூபே பால்டரின் அணியில் இருந்தான். ஃபுளோரிடாவில் மழையாகக் கோல் போடுவான், தான் பந்தயத்தில் மூன்றாம் முறையாக ஜெயித்துவிடலாம் என்பது கணக்கு. மூன்றாம் முறை ஜெயித்தால், அடுத்த கெடு நாளில் தங்கள் ஸ்டூடியோவில் நிபுணராக உட்கார வைப்பதாகப் பக்கத்து ஊர் வானொலிக்காரர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பால்டர் அதற்காகத்தான் டை வாங்கினான். அன்று அதைப் பழக்கத்துக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

இடையில் ஒரே ஒருவன் நின்றான். பட்டியலில் முதலிடம் ஹெல்கிக்கு.

ஹெல்கி ஜனவரியில் செத்துப்போயிருந்தான்.

வலை இழுக்க ஏரிக்குப் போனவன், பனிக்கட்டி பிளந்து வண்டியோடு உள்ளே போனான். அவனை எடுத்தார்கள். வண்டியையும் வசந்தத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். அவன் போனை யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் கீழேதான் எங்கோ கிடக்கிறது, சேற்றில், மீன்களுக்கு நடுவில்.

அவனை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், வினார்டெர்ட்டா கேக்கும் காபியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பால்டர் எழுந்து நின்று பேசினான். பந்தயத்தின் தலைவன் என்ற முறையில் அறிவிக்கிறேன், நம் ஹெல்கியின் அணியைக் கலைக்க மாட்டோம், சீசன் முடியும்வரை அது அவன் பேரில் ஆடும், கெடு நாளன்று அவன் நாற்காலி அவனுக்காகக் காத்திருக்கும் என்றான். பலர் அழுதார்கள். ஹெல்கி அப்போது பட்டியலில் கடைசி. கடைசியில் கிடக்கிறவனிடம் பெருந்தன்மை காட்டுவதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு அவன் ஏறத் தொடங்கினான்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரி முழுக்க உள்வட்டாரம் கொதித்துக்கொண்டிருந்தது. கோல் காக்கும் இந்தக் கோலி போகிறான் என்று ஒரு நாள். மெட்ரோ பதறிப்போய் அவனைத் தள்ளிவிட்டான், அந்தக் கோலி எங்கும் போகாமல் அடுத்த ஆட்டங்களில் ஒரு கோலையும் உள்ளே விடவில்லை. அந்தத் தடுப்பாட்டக்காரன் வருகிறான் என்று இன்னொரு நாள். மூன்று பேர் அவனுக்காக அடித்துக்கொண்டார்கள், வாங்கியவன் கையில் அவன் முழங்கால் போனது. ஆட்டக்காரர்கள் சூடான தட்டுப் போல இவர்கள் கைகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்து பட்டியலைத் திறக்கும்போதும் ஹெல்கி ஒரு படி மேலே நின்றான். ஒரு படி, இன்னொரு படி. சத்தமே இல்லாமல், பனிக்கடியில் யாரோ நடந்து வருகிற மாதிரி.

"அவனுக்கு எப்படிடா தெரியுது?" என்று ஒருமுறை மெட்ரோ கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது மேல்மாடியில் ஹெல்கியின் நாற்காலி சுவரோரம் இருந்தது. அதில் அவனுடைய தொப்பியை வைத்திருந்தாள் அவன் தங்கை ஸ்டீனா. கிளப்பின் பாரை நடத்துகிறவள் அவள். பந்தயத்தில் அவளுக்கும் ஓர் அணி உண்டு. தொப்பி காலையில் உலர்ந்துதான் இருந்தது என்று பிறகு எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மதியம் பார்த்தபோது அது நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று கிளப் செயலாளர் மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்று யாருக்கும் கூரை நினைவுக்கு வரவில்லை.

தொலைக்காட்சியில் ஏழு நிபுணர்கள் விடியற்காலையிலிருந்து ஒரு நீண்ட மேசையில் உட்கார்ந்து தங்கள் போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை என்பதை ஆளுக்கொரு விதமாக விளக்கினார்கள்.

"இவனுங்களும் நம்மள மாதிரிதான். ஒண்ணும் தெரியாம போனையே பார்த்துக்கிட்டு," என்றாள் ஸ்டீனா, காபியை ஊற்றிக்கொண்டே.

"அவங்களுக்குத் தெரியும். சொல்லக்கூடாதுன்னு இருக்காங்க," என்றான் பால்டர். "இந்தத் தொழில்ல ஒரு நாசூக்கு இருக்கு ஸ்டீனா."

"பல் டாக்டர் வீட்டு நாசூக்கா?"

இந்தக் கிண்டல் அந்தக் குடும்பத்தின் சொத்து. நவம்பரில் அவன் ஒரு மகத்தான செய்தியைப் போட்டபோது அதற்குக் கீழே ஹெல்கி, "இந்த வட்டாரத்துல மீனாவது கிடைக்குமா?" என்று எழுதியிருந்தான். ஊரே வந்து சிரித்துவிட்டுப் போனது. பால்டர் அதற்கு ஒரு வார்த்தையும் பதில் எழுதவில்லை. தன் தகுதிக்கு மௌனமே அழகு என்று பிறகு சிலரிடம் சொன்னான்.

கெடுவுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அவன் போன் மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். பிறகு அதை மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தான். கிரேவிப் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். கைகள் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

"என்னடா, டூபே போயிட்டானா?" என்றான் மெட்ரோ.

பால்டர் போனை அவன் பக்கம் திருப்பினான். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

*ஹெல்கி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.*

மெட்ரோ அதை இரண்டு தடவை படித்தான். அவன் வாய்க்குள் இருந்த சூரியகாந்தி விதை அப்படியே நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கீழே கர்லிங் தளத்தில் யாரோ தள்ளிய கல் ஒன்று உறுமிக்கொண்டே போய் மற்றொன்றில் இடித்தது.

"தொட்டுப் பாரு," என்றாள் ஸ்டீனா. அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் மற்றவர்களைப் பயமுறுத்தியது.

பால்டர் தொட்டான். ஒரு பேரம் விரிந்தது. ஹெல்கி தருவது: லாரிமர். ஹெல்கி கேட்பது: டூபே. கீழே இரண்டு பொத்தான்கள், ஏற்கிறேன், மறுக்கிறேன். அதற்கும் கீழே 'மேலும்' என்று சின்னதாக ஒரு சொல். அதை யாரும் பார்க்கவில்லை. இந்தப் பேரம் இரண்டு மணிக்குக் காலாவதியாகும் என்றது திரை.

"யாரோ விளையாடுறாங்க," என்றான் பால்டர். "ஹெல்கியோட பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு? ஸ்டீனா?"

"எங்கண்ணன் பாஸ்வேர்டு அவன் போன்லதான் இருந்துச்சு. போன் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் ஏரி இல்லை, வெள்ளைதான் இருந்தது. அந்த வெள்ளைக்கு அப்பால், குளிர் இறுகும்போது செய்வது போல, பனிக்கட்டி நீளமாக முனகி, எங்கோ தொலைவில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. மார்ச்சில் தினமும் கேட்கிற சத்தம்தான். அன்று இரண்டு பேர் நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"அவனுக்குப் போன் போடு," என்றான் மெட்ரோ.

"உனக்குப் பைத்தியமாடா?"

"யாரோ விளையாடுறான்னா எடுப்பான்ல. போடு."

ஸ்டீனாவே போட்டாள், ஸ்பீக்கரில். மணி அடிக்கவில்லை. சிறு இடைவெளி. பிறகு காற்றும் எஞ்சின் இரைச்சலும் பின்னணியில் கேட்க, ஹெல்கியின் குரல் வந்தது.

"ஹெல்கி பேசறேன். ஏரிக்குப் போயிருக்கேன். கரைக்கு வந்ததும் கூப்பிடறேன்."

பிறகு ஒரு பீப். அதற்கப்புறம் இவர்களுடைய மூச்சை அந்தப் பக்கம் பதிவு செய்துகொண்டே இருந்தது. ஸ்டீனா இணைப்பைத் துண்டித்தாள். "தினமும் ராத்திரி போட்டுக் கேப்பேன்," என்றாள். "இன்னும் எவ்வளவு நாள் விடுவாங்களோ."

தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக மேசையை விட்டு எழுந்து போனார். மற்ற ஆறு பேரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

பால்டருக்கு முதலில் தலை வேலை செய்யவில்லை. பிறகு வேலை செய்தது. அதுதான் கெடுதல். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வானொலியில் பேசப்போகிற அதே குரலில் சொன்னான்.

"யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு ஏன் டூபே வேணும்?"

"ஏன்?"

"டூபே ஃபுளோரிடா போறான். அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பிப்ரவரி பூரா அவனுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கு. நம்மள ஒவ்வொருத்தரா தாண்டி வந்தான். இப்போ கடைசியா என்கிட்ட இருக்கிற துருப்பைக் கேக்கறான்."

"அப்போ உன் பல் டாக்டர் நியூஸ் உண்மைங்கிறதுக்கு எங்கண்ணன் ஆவி சாட்சியா?" என்றாள் ஸ்டீனா.

"நான் வட்டாரத்தை வெளியிடறதில்ல," என்றான் பால்டர், பழக்கதோஷத்தில்.

"டேய், லாரிமர் மோசமில்லடா," என்றான் மெட்ரோ. "ஹெல்கி உயிரோட இருந்தப்போ ஒருத்தனைக்கூட ஏமாத்தினதில்ல. வலைல வேற ஆளோட மீன் வந்தா வீடு தேடிக் கொண்டுவந்து குடுத்தவன். செத்தப்புறம் எதுக்கு ஏமாத்தணும்?"

"செத்தப்புறம் ஆளுங்க மாறிடுவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இன்சூரன்ஸ்ல இருக்கேன்," என்றான் பால்டர்.

மணி நெருங்கியது. மெட்ரோ ஏற்றுக்கொள் என்றான். இன்னொருவர் தொடாமல் விடு, இரண்டு மணிக்குத் தானாகப் போய்விடும் என்றார். பால்டருக்கோ அது பதில் சொல்லாமல் விடுகிற விஷயமாகத் தெரியவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று திரை சொல்லியிருந்தது. பதில் வராவிட்டால் அவன் எங்கே வந்து காத்திருப்பான்? நாற்காலியில் தொப்பியின் விளிம்பிலிருந்து ஒரு துளி தரையில் விழுந்தது. பால்டர் அந்தத் துளியைப் பார்த்தான், தன் டையைப் பார்த்தான், வானொலிக்காரரின் ஸ்டூடியோவை மனதுக்குள் பார்த்தான்.

"மன்னிச்சுக்கோ ஹெல்கி," என்று முணுமுணுத்துவிட்டு 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினான்.

இரண்டு மணி அடித்தது. கெடு முடிந்தது. எதுவும் நடக்கவில்லை. ஏரிகூடச் சும்மா இருந்தது.

எழுந்து போயிருந்த நிபுணர் அப்போதுதான் முகம் சிவக்க ஓடி வந்தார். கடைசி நிமிடத்தில் ஒரு மாற்றம் முடிந்திருந்தது. லாரிமர், நாட்டிலேயே அதிகக் கோல் போடுகிற அணிக்கு, அதன் முதல் வரிசைக்குப் போகிறான். மேசையே துள்ளியது. யாரும் எதிர்பார்க்கவில்லை என்று, ஒன்பது மணி நேரமாக எதிர்பார்ப்பதே வேலையாக இருந்த ஏழு பேரும் சொன்னார்கள். சற்றுப் பொறுத்து ஒருவர், டூபே எங்கும் போகவில்லை, அவனைப் பற்றி எந்த அணியும் எப்போதும் விசாரிக்கவே இல்லை, அவனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை, இந்த சீசனுக்கு அவ்வளவுதான் என்று படித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மேல்மாடியில் யாரும் பால்டரைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்கள்.

"காப்பாத்தத்தான் பார்த்திருக்கான்," என்றான் மெட்ரோ மெல்லிய குரலில். "அங்கேருந்து. உன்னைக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கான்டா." அவன் தன் தொப்பியைக் கழற்றிவிட்டான். விதைகளை மென்றுகொண்டிருந்த ஒருவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவர் லூத்தரன், அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

பால்டர் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த வெளுப்புக்குள்ளும் ஒரு சின்ன ஒளி எட்டிப் பார்த்தது. இறந்துபோன நண்பன் ஏரியின் அடியிலிருந்து, ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தன்னைத் தேடி வந்திருக்கிறான். இதையே வானொலியில் சொல்லலாம். பந்தயத்தில் ஜெயிப்பதை விடப் பெரிய விஷயம்.

"எங்களுக்குள்ள அப்படி ஒரு நெருக்கம் இருந்துச்சு," என்று தொடங்கினான். "வெளியில தெரியாது. தினமும் பேசலேன்னாலும்..."

"என்ன எழுதியிருக்கான், பார்க்கறேன்," என்று ஸ்டீனா கை நீட்டினாள்.

"ஒண்ணும் எழுதல. வெறும் பேரம்தான்."

"எங்கண்ணன் எதையும் வெறுமன அனுப்ப மாட்டான். குடு."

அவள் போனை வாங்கி, அந்த மூடிப்போன பேரத்தின் அடியில் இருந்த 'மேலும்' என்பதைத் தொட்டாள். விரிந்தது. அவள் வாய்விட்டே படித்தாள், வானிலை அறிக்கை படிப்பது போல.

"பால்டர், உன் ஆளுங்க பாதிப் பேர் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க. லாரிமரை வெச்சுக்கோ. சும்மா பேருக்கு டூபேயைக் குடு. மீன் ஜோக்குக்கு மன்னிச்சுக்கோடா. கெடு வரைக்கும் இது இங்கேயே இருக்கும், கோவம் போனதும் பாரு. ஹெல்கி." அவள் நிறுத்தினாள். "நவம்பர் மாசம் அனுப்பியிருக்கான்."

"நவம்பரா?" என்றான் மெட்ரோ.

"அரைமணி முன்னாடி வந்தது ஹெல்கி அனுப்பினது இல்ல. கெடு முடியப்போகுதுன்னு சைட்டு ஞாபகப்படுத்தியிருக்கு." அவள் விரலால் இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் அவன் அணில ஒரு மாத்தம்கூட இல்ல. ஒண்ணுமே பண்ணல."

"ஒண்ணுமே பண்ணாம எப்படி முதல்ல வந்தான்?"

"செத்தவன் என்னத்தைப் பண்ணுவான் மெட்ரோ. நாமதான் பண்ணோம். தினமும் பண்ணோம்."

வெளியே பனி கொஞ்சம் விட்டிருந்தது. ஏரி தெரிந்தது, தட்டையாக, எந்த ரகசியமும் இல்லாத முகத்தோடு. அது அப்படித் தெரிந்தது இன்னும் மோசமாக இருந்தது.

"சரி, நாலு மாசமா இவ்வளவு பெரிய பேரம் உன் போன்ல கிடந்திருக்கு," என்றான் மெட்ரோ. "எப்படிடா பார்க்காம இருந்தே? எனக்கு யாராவது ஒரு கோலியைக் கேட்டாலே மணி அடிச்சுக் காதைக் கிழிக்குது."

"சைட்டுல ஏதோ கோளாறு," என்றான் பால்டர். "நான் அவங்களுக்கு எழுதறேன்."

ஸ்டீனா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திரையின் மேலே அண்ணனின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை அடுத்து ஒரு சின்ன மணிப் படம் இருந்தது, அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. பந்தயத்தில் இருந்த மற்ற யார் பெயருக்குப் பக்கத்திலும் அந்தக் கோடு இல்லை. அவள் போனை மேசையில், கிரேவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காபி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம்," என்றான் பால்டர்.

அவன் ஹெல்கியின் செய்திகளை மட்டும் நவம்பரில் ஊமையாக்கி வைத்திருந்தான்.